கடைசிப் பாலும் இருபத்துமூன்றாம் நாவலும்

1

இந்தக் கதையை எந்தப் பத்திரிகையும் கேட்டு வாங்கவில்லை. இது எழுதப்பட்டதற்குக் காரணம் திருமானூரில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அங்கமுத்து என்பவர். அவரும் இதை எழுதச் சொல்லவில்லை. அவர் எழுதச் சொன்னது வேறொன்று. அது வர மறுத்துவிட்டது, அதன் இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப்போகக் கொஞ்சம் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுதுகிறவள் பெயர் மலர்கொடி. பெரம்பலூர் துறைமங்கலத்தில் வீடு, அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பகலெல்லாம் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலமானால் பிணங்களோடு உட்கார்ந்துவிடுவாள். ‘டாக்டர் செங்கமலம்’ வரிசையில் இதுவரை இருபத்திரண்டு நாவல்கள் வந்திருக்கின்றன. இந்த வரிகளை எழுதுவதும் அதே மலர்கொடிதான். தன்னைப் பற்றி எழுதும்போதும் ‘நான்’ என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. போலீசில் வாக்குமூலம் கொடுப்பது போல இருக்கிறதாம். வாசகர் கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும்.

டாக்டர் செங்கமலத்தைத் தெரியாதவர்களுக்காக: அவள் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர். குள்ளம், காதில் பெரிய கம்மல், எந்நேரமும் வாயில் ஒரு ஏலக்காய். இன்ஸ்பெக்டர் தங்கராசு ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது கையுறையை மாட்டிக்கொண்டு வந்து சேருவாள். “உடம்பு பொய் சொல்லாது, தங்கராசு” என்பாள். நாவலுக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்ட பதினோராம் நாவலுக்கு வாசகர்கள் வீட்டுக்கே போன் போட்டுத் திட்டினார்கள்.

இருபத்திரண்டு நாவல்களில் செங்கமலம் ஒருமுறைகூடத் தவறியதில்லை. மலர்கொடி தவறியிருக்கிறாள். ஆறாம் நாவலில் செத்துப்போன கான்ஸ்டபிள் ஒன்பதாம் நாவலில் டீ வாங்கிக்கொண்டு வருவார். அதை மன்னித்தார்கள். செங்கமலம் தவறினால் மன்னிக்க மாட்டார்கள்.

2

இருபத்துமூன்றாம் நாவலுக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள் சில, கிழித்துப் போட்டபடியே இங்கே:

‘அரியலூரை ஒட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்த தூசி அடங்கியபோது, பொக்லைன் ஓட்டும் சரத்குமார் கீழே ஒரு கையைப் பார்த்தான். அந்தக் கை—’

[நிறுத்து. அரியலூர் என்றால் சுரங்கம், சுரங்கம் என்றால் எலும்பு. ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த மண், தோண்டினால் சங்கும் நத்தையும் கல்லாகி வரும். ஆனால் அந்தச் சுரங்கத்தில் இதுவரை நாலு நாவலுக்குப் பிணம் போட்டாகிவிட்டது. இனி அங்கே இடமில்லை.]

‘மீன்சுருட்டியில் பஸ் நின்றது. டாக்டர் செங்கமலம் இறங்கினாள். போன முறை இந்த ஊரில் தான் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை—’

[இது உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. கிழித்தாயிற்று.]

‘அன்று காலை டாக்டர் செங்கமலத்துக்குக் காபி இறங்கவில்லை. பாலின் வாசனை—’

[ஏன் இறங்கவில்லை என்று செங்கமலத்துக்குத் தெரியாது. மலர்கொடிக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன். மன்னிக்கவும், சொல்லப்போகிறாள்.]

3

இருபத்திரண்டாம் நாவலின் பெயர் ‘வெள்ளைத் தடயம்’.

ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட உயிர், போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பால் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். ஆசை ஏதாவது பாக்கி இருந்து அதனால் போகாமல் கிடக்கிறதோ என்று, சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள், காசை உரசிய தண்ணீரை ஊற்றுவார்கள். மலர்கொடி இதைப் பூலாம்பாடியில் தன் மாமியார் சாகும்போது பார்த்தாள், தானும் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, இது ஒரு நாவலுக்கு ஆகும் என்று தோன்றிவிட்டது.*

(* எழுதுகிறவர்கள் நல்லவர்கள் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை.)

நாவலில் இது மீன்சுருட்டியில் நடக்கிறது. நினைவிழந்து கிடக்கும் ஒரு பெண்மணிக்கு அண்ணன் மகன் பால் ஊற்றுகிறான், வேண்டுமென்றே, ஒரு சொம்பு நிறைய. ஊரே அதைப் பாசம் என்று நினைக்கிறது. பாடையைச் சுடுகாட்டு வழியில் மறித்து, உடம்பைத் திறந்து பார்த்து, செங்கமலம் மூச்சுக்குழாயில் பாலைக் கண்டுபிடிக்கிறாள். அப்புறம் அந்த வசனம்: “நினைவில்லாதவங்க வாயில ஊத்துற பால் வயித்துக்குப் போறதில்ல, தங்கராசு. நுரையீரலுக்குப் போகுது. மூச்சை அடைக்குது. ஊத்துன கைக்குத் தெரியாட்டியும் அது கொலைதான்.”

கடைசி வாக்கியம் அந்த இடத்துக்குத் தேவையே இல்லை. அண்ணன் மகனுக்குத் தெரிந்துதான் ஊற்றினான். ஆனாலும் அந்த வாக்கியம் வந்து விழுந்தபோது மலர்கொடி நாற்காலியை விட்டு எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்தாள். பதிப்பாளர் முத்தமிழ்செல்வன் அதைப் பின்னட்டையில் பெரிய எழுத்தில் போட்டார். பால் ட்விஸ்ட் பிரமாதம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். சக ஆசிரியை அனிதா மட்டும், “எங்கப்பாவுக்கு நாங்களும்தான் ஊத்துனோம்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள். மலர்கொடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

4

அங்கமுத்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலர்கொடி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் ஏறிப் பழுப்பாக இருந்தது.

“டீச்சர், நீங்கதானுங்களே செங்கமலம் டாக்டர் கதை எழுதுறது?”

“ஆமாங்க, உள்ள வாங்க.”

வாசகர் ஒருவர் தேடி வந்திருக்கிறார் என்று மலர்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை. டீ போட எழுந்தாள்.

“பால் இல்லாம குடுங்க டீச்சர். வூட்ல இப்ப பாலே வாங்குறதில்ல. வரட்டீயே பழகிருச்சு.”

ஏதோ வயிற்றுக் கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“நான் படிச்சதில்லைங்க,” என்றார் அங்கமுத்து. “எம்பொண்ணு படிக்கும். பிரவீணான்னு பேரு. உங்க பொஸ்தகம் ஒண்ணு விடாது. இங்க பெரம்பலூர்லதான் லேப் டெக்னீசியன் படிக்குது, ரெண்டாவது வருசம். அந்தப் படிப்ப எடுத்ததே உங்க டாக்டரப் பாத்துத்தான்.”

மலர்கொடியின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“தீவாளிக்கு வந்த புள்ள திரும்பக் காலேஜுக்குப் போவலைங்க. அவ அம்மா வளர்மதி போயி அஞ்சு வருசமாச்சு. ரெண்டு கிட்னியும் போயிருச்சு. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வூட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போயிருங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கொண்டாந்து போட்டோம். இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. நான் பால் ஊத்துனேன், எங்கக்கா கொளஞ்சியம்மா ஊத்துச்சு, தெருவே வந்து ஊத்துச்சு. உசுரு போவல. எங்கக்காதான் சொல்லுச்சு, மவ கையால வாங்கத்தான் காத்துக் கெடக்குறா, புள்ளயக் கூப்புடுங்கன்னு. அது மாட்டேன்னு மாடிப்படிக்கடியில போயி உக்காந்துக்கிச்சு. பதினஞ்சு வயசு. இழுத்தாந்து டம்ளரக் கையில குடுத்தோம். ஊத்துச்சு. கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சுங்க.”

மலர்கொடி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அடுத்து வருவது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பெத்தவ ஒங்கையாலதான் வாங்கிக்கிட்டுப் போனா, நீ குடுத்து வெச்சவன்னு எல்லாரும் சொன்னாங்க. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் டீச்சர் அந்தப் புள்ள இத்தன வருசம் இருந்துச்சு. அம்மா நெனப்பு வந்து அழுவுறப்பெல்லாம் நாங்க அதச் சொல்லித்தான் தேத்துவோம். இப்ப அந்தப் பொஸ்தகத்தப் படிச்சுட்டு, நாந்தான் கொன்னேங்குது. சோறு எறங்கல. காலேஜ்ல ஊசி புடிக்கணும், இந்தக் கையால நான் எப்படிப் புடிப்பேங்குது.”

“நான் வந்து அவகிட்ட பேசுறேங்க. அது வெறும் கதை, நானா உண்டாக்கி...”

“நீங்க சொன்னா நம்பாதுங்க.” அங்கமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். “கோவிச்சுக்காதீங்க. அந்த டாக்டரம்மா சொன்னாத்தான் நம்பும். அடுத்த கதையில அவங்கள ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க டீச்சர். அன்னிக்குச் சொன்னது தப்புன்னு. அது போதும்.”

5

[கதை இங்கே கொஞ்சம் நிற்கும். அவசரமுள்ளவர்கள் ஆறுக்குப் போகலாம்.]

குற்ற நாவலுக்கு ஒரு கை வேண்டும். எத்தனை பேர் வந்து போனாலும் கடைசியில் ஒரே ஒரு கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். அதுதான் அந்த வகை எழுத்தின் இலக்கணம், அதற்குத்தான் வாசகர் கடைசிப் பக்கம் வரை கூட வருகிறார். சாவு வீடு அப்படி இல்லை. அங்கே ஒரு தெருவே கை நீட்டுகிறது. யார் ஊற்றியது வயிற்றுக்குப் போனது, யார் ஊற்றியது உதட்டோடு வழிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் எல்லோரும் சேர்ந்து ஊற்றுகிறார்களோ என்று மலர்கொடிக்கு இப்போது தோன்றுகிறது.

ஆனால் அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. தூரத்து உறவு முதலில், நெருங்கிய உறவு அப்புறம். உயிர் போகவில்லையென்றால், யாருக்காகக் காத்திருக்கிறது என்று யோசித்து, செத்துக்கொண்டிருப்பவருக்கு உலகத்திலேயே பிடித்த ஆளைத் தேடிப் பிடித்துக் கடைசியாக நிறுத்துவார்கள். தள்ளி நிற்கிற ஊர்க்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. மிகவும் பிரியமான கைக்குத்தான் கடைசி டம்ளர் வந்து சேரும். அது பெருமை என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். நாவலை எழுதும்போது மலர்கொடி இதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இன்னும் நல்ல ட்விஸ்ட் கிடைத்திருக்கும் என்று சந்தோஷப்பட்டிருப்பாள், அவ்வளவுதான்.

6

முடிவுகள்.

முதல் முடிவில் செங்கமலம் தன் தவறை ஒப்புக்கொள்கிறாள். முத்தமிழ்செல்வனுக்குப் போன் போட்டு மலர்கொடி இதைச் சொன்னாள்.

“டாக்டர் தப்பு பண்ணட்டும் டீச்சர், வேணாங்கல. ஆனா பழைய நாவல்ல பண்ணக் கூடாது. ஒண்ணுல தப்புன்னா, இருவத்திரண்டுலயும் நாம உள்ள போட்ட ஆளுங்க எல்லாம் வெளிய வந்துருவாங்களே. பதினாலாம் நாவல் சயனைடு ஆசாமிய என்ன பண்றது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, செங்கமலம் சொன்னது தவறு என்று சொல்ல முடியவில்லை. மலர்கொடியிடம் முன்பு படித்த பாலாஜி இப்போது டாக்டர். அவனைக் கேட்டாள். “அப்படி நடக்கலாம் டீச்சர்,” என்றான். “ஆனா அந்தம்மா விசயத்துல நடந்துச்சான்னு ஒடம்பப் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. எப்படியும் போற நெலமையிலதான் இருந்திருக்காங்க. பால் இல்லாட்டி இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பாங்களா? தெரியாது டீச்சர்.” வளர்மதியின் உடம்பைக் கொள்ளிடக் கரையில் எரித்து ஐந்து வருஷம் ஆகிறது.

இரண்டாவது முடிவில் மலர்கொடி ஒரு மருத்துவ உண்மையைச் சொந்தமாகத் தயாரித்தாள். சாகும் நேரத்தில் தொண்டை தானாக இறுகிக்கொள்ளும், ஒரு சொட்டுகூட உள்ளே போகாது, ஊற்றுவதெல்லாம் ஊற்றுகிறவர்களின் ஆறுதலுக்குத்தான் என்று செங்கமலம் சொல்கிறாள். ஒரே மூச்சில் நாலு பக்கம் வந்தது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது மலர்கொடிக்கே கண்ணில் நீர் வந்தது. இருபத்திரண்டு நாவல்களிலும் இவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. பிரவீணா படிப்பது லேப் டெக்னீசியன். என்றைக்காவது ஒரு பாடப்புத்தகத்தில் உண்மையைப் பார்த்துவிடுவாள். அன்றைக்கு அவளுக்கு அம்மாவும் இருக்க மாட்டாள், டாக்டரம்மாவும் இருக்க மாட்டாள்.

மூன்றாவது முடிவில் செங்கமலம், பிரவீணாவைப் போலவே அம்மாவுக்குப் பால் ஊற்றிய ஒரு பெண்ணிடம், “டம்ளரை உன் கையில் கொடுத்தது யார்?” என்று கேட்கிறாள். பெண் தன் அத்தையைப் பார்க்கிறாள். அத்தியாயம் விறுவிறுவென்று போனது. போகட்டும் என்று விட்டபோது, அத்தை தூக்கு மாட்டிக்கொள்ள—

[இல்லை. இது கூடாது. செங்கமலத்துக்கு விரலை நீட்டத்தான் தெரிகிறது. ஒருத்தரிடமிருந்து எடுத்தால் இன்னொருத்தர் பக்கம் திருப்புகிறாள். மடக்குவதற்கு மலர்கொடி அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.]

நான்காவது முடிவு இன்னும் எழுதப்படவில்லை. அதற்கு முன்னால் மலர்கொடி திருமானூருக்குப் போய்விட்டாள்.

7

அரியலூர் வரை ஒரு பஸ், அங்கே இறங்கி இன்னொன்று. முன்னால் போன சிமெண்ட் லாரி வழிவிடவே இல்லை. இரண்டு பக்கமும் கரும்பு நின்றது. மலர்கொடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டாவது முடிவை மனப்பாடம் செய்துகொண்டே போனாள். எழுதினால்தான் பொய் தங்கிவிடும், வாயால் சொன்னால் ஆறுதல்தானே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

முன்னால் அங்கமுத்துவின் கடை, பின்னால் வீடு. அவர் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மலர்கொடியைப் பார்த்ததும் எழுந்து, “கூட நான் இருந்தா பேசாதுங்க” என்று சொல்லிவிட்டுக் கடையிலேயே நின்றுகொண்டார். உள்ளே கொளஞ்சியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிரவீணா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“டாக்டர் தப்பா சொல்லிட்டாங்கன்னு சொல்லத்தான வந்திருக்கீங்க மேடம்?”

“உன்னப் பாக்க வந்தேன்.”

“அப்பச் சொல்லுங்க. பால்னாலதானா?”

மனப்பாடம் செய்தது முழுக்க நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பெண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாசகி தன்னை இப்படிப் பார்க்க வேண்டும் என்று மலர்கொடி எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறாள்.

“எனக்குத் தெரியாதும்மா.”

“டாக்டருக்கு?”

“அவளுக்கும் தெரியாது. அவ சொன்னது மீன்சுருட்டியில ஒரு பொம்பளயப் பத்தி. அந்தப் பொம்பளயே கெடையாது. உங்க அம்மாவ அவ பாத்ததில்ல.”

“‘ஊத்துன கைக்குத் தெரியாட்டியும் அது கொலைதான்.’ இது யாரப் பத்தி? அந்தக் கதையில அவனுக்குத் தெரியுமே. தெரிஞ்சுதான ஊத்துனான்?”

அந்த நாவலில் இதுவரை யாரும் கண்டுபிடிக்காத ஓட்டையை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

“அது டாக்டர் சொன்னது இல்ல,” என்றாள் மலர்கொடி. “நான் சேத்தது. வரி நல்லா இருக்குன்னு.”

“வரி நல்லா இருக்குன்னா?” பிரவீணாவின் குரல் உடைந்து உயர்ந்தது. “வரி நல்லா இருக்குன்னு போட்டீங்களா?”

“ஏண்டி, வூடு தேடி வந்தவங்ககிட்ட கத்துற?” என்றார் கொளஞ்சியம்மாள்.

“நீ சும்மா இரு அத்த. நீதான டம்ளரக் கையில குடுத்த?”

கொளஞ்சியம்மாள் அரிவாள்மனையை மெல்ல ஒதுக்கி வைத்தார். “ஆமாண்டி. நாந்தான் குடுத்தேன். எந்தம்பிக்கு நான் பாத்துக் கட்டி வெச்ச பொண்ணு அவ. மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்குறத எத்தன நேரம்தான் பாக்குறது? ஒன்ன ஒரு தடவ பாத்துட்டுப் போவட்டும்னு குடுத்தேன். அது பாவம்னா எனக்கு வரட்டும். ஒனக்கு என்னடி?” சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிரவீணாவும் அழுதாள். இந்த வீட்டில் எல்லோரும் எல்லோருடைய பழியையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், அதை யார் தலையிலாவது கட்டியே பழகியவள் மலர்கொடி மட்டும்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, வேறென்ன பேசுவது என்று தெரியாமல்தான் அவள் அதைக் கேட்டாள்.

“அன்னிக்கு நீ என்ன பாத்தேன்னு யாராச்சும் உங்கிட்ட கேட்டாங்களா?”

பிரவீணா நிமிர்ந்தாள். “இல்ல.”

யாரும் கேட்கவில்லை. நீ அம்மாவை நிம்மதியாக அனுப்பி வைத்தாய் என்று தெரு சொன்னது. நீ கொன்றாய் என்று புத்தகம் சொன்னது. டம்ளரைப் பிடித்திருந்தவள் என்ன பார்த்தாள் என்று இரண்டுமே கேட்கவில்லை.

“சொல்றியா?”

“டம்ளரக் கிட்டக் கொண்டு போறப்பவே கொஞ்சம் கழுத்துல சிந்திருச்சு. துப்பட்டாவால தொடச்சேன். அப்ப...” நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். “அப்ப அம்மா வாயத் தொறந்துச்சு.”

“நீ ஊத்துனப்பவா?”

“ஊத்துறதுக்கு முன்னாடி. தானா. சின்னப் புள்ளைக்குச் சோறு ஊட்டுறப்ப அம்மாவும் சேந்து வாயத் தொறப்பாங்கள்ல, அந்த மாதிரி. எனக்கு ஊட்டுறப்ப அப்படித்தான் பண்ணும். அப்புறம்தான் நான் ஊத்துனேன்.”

“நாங்க பாக்கலயே சாமி,” என்றார் கொளஞ்சியம்மாள் மெதுவாக.

“நீங்கள்லாம் அழுதுக்கிட்டு இருந்தீங்க. நான் மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

[இந்த இடத்தில் டாக்டர் செங்கமலம் என்ன கேட்பாள் என்று மலர்கொடிக்கு நன்றாகத் தெரியும். சாகும்போது தாடை தானாகத் தளர்வதை நீ வாய் திறந்ததாக நினைத்துக்கொண்டாயா? பதினைந்து வயதில், அந்த அழுகைச் சத்தத்தில், எதைச் சரியாகப் பார்த்திருப்பாய்? இதை இத்தனை வருஷமாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை? கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே நல்ல கேள்விகள். மலர்கொடி ஒன்றையும் கேட்கவில்லை.]

“டாக்டர் இத நம்புவாங்களா?” என்றாள் பிரவீணா.

“நம்புவா.”

“நீங்க எழுதுனா நம்புவாங்க. அத நான் கேக்கல. படிக்கிறவங்க நம்புவாங்களா? பால் ட்விஸ்ட் சூப்பர்னு சொன்னாங்கல்ல, அவங்க?”

“அத அவங்ககிட்டத்தான் கேக்கணும்.”

“கேளுங்க.”

8

கேட்பதற்காகத்தான் இதை எழுதியது.

இருபத்துமூன்றாம் நாவல் இப்போது இப்படி நிற்கிறது. ஒரு வீட்டின் கூடத்தில் டாக்டர் செங்கமலம் வெறும் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கையுறை மாட்டவில்லை. பரிசோதிக்க உடம்பு எதுவும் இல்லை. எதிரே ஒரு பெண் உட்கார்ந்து, “அம்மா வாயத் தொறந்துச்சு” என்கிறாள். அவள் சொல்வதற்கு வேறு சாட்சி கிடையாது. மலர்கொடி அதற்கு மேல் எழுதவில்லை, எழுதுவதாகவும் இல்லை. முத்தமிழ்செல்வன் தினமும் போன் செய்கிறார். அங்கமுத்து ஒருமுறைகூடச் செய்யவில்லை, பெண் சாப்பிடுகிறாளா, காலேஜுக்குப் போனாளா என்று கேட்க மலர்கொடிக்கும் தைரியம் வரவில்லை.

அந்தப் பெண் சொன்னதை நம்புகிறவர்கள் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடலாம். நம்பாதவர்களுக்காக அடுத்த பக்கம் அச்சடிக்காமல் விடப்பட்டிருக்கும். டாக்டரின் கேள்விகளை நீங்களே உங்கள் கையெழுத்தில் அங்கே எழுதிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் பக்கத்தின் கீழே உங்கள் பெயரையும் ஊரையும் போட்டு, புத்தகத்தைத் திருமானூருக்கு அனுப்பி வையுங்கள். பிரவீணா இந்த வரிசையில் எதையும் படிக்காமல் விட்டதில்லை.